கல்லுக்குள்ளே ஒரு நண்டு!

நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் நகருக்கு வடக்கே இருக்கிறது மோட்டுனாவ் கடற்கரை. இங்கே சிதறிக் கிடக்கும் உருண்டைக் கற்கள் சிலவற்றுக்குள், 1 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய நண்டுகள் கல்லாகி உறைந்திருக்கின்றன. கல்லின் விளிம்பில் கொடுக்கோ காலோ லேசாகத் தெரிந்தால், உள்ளே நண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆசையில் சுத்தியலால் உடைத்தால் நண்டும் சேர்ந்து நொறுங்கிவிடும். காற்றழுத்தத்தில் அதிரும் ஊசிமுனைக் கருவியால், கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைச் செதுக்கி எடுக்க வேண்டும்.

இங்கே பிரபலமான இனம் 'டூமிடோகார்சினஸ் ஜைஜான்டியஸ்'. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பிரமாண்டம்! வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். நம் வீட்டில் நண்டு கழுவுபவர்களுக்குத் தெரிந்த அதே கணக்குதான்.

நியூசிலாந்திலிருந்து வெளியே கொண்டுபோக அரசு அனுமதி தேவைப்படலாம். யாரும் எடுக்காத கல்லைக் கடலே தேய்த்துவிடும், நண்டும் மணலாகிவிடும்.