கடவுச்சொல் சரிதான், ஆனாலும் உள்ளே விடவில்லை!

மூங்கில்துறைப்பட்டு தென்பெண்ணை ஆற்றோரத்து ஊர். ஆற்றின் மேற்பகுதியில் சாத்தனூர் அணை. ஃபெஞ்சல் புயல் மழையால் 2024 டிசம்பர் 2 அன்று அந்த அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட கரையில் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மாணவர் சின்னக் கருவி ஒன்றைச் செய்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அவரே தொகுத்த லினக்ஸ். மழை இரவில் நுழையப் பார்த்தால் "கடவுச்சொல் தவறு" என்கிறது. கொடுத்ததோ சரியான சொல்தான்! ஏன் இப்படி?

லினக்ஸ் கடவுச்சொல்லை அப்படியே வைப்பதில்லை. அடையாளம் தெரியாதபடி மாற்றி 'ஷேடோ' என்ற கோப்பில் எழுதுகிறது. அது $1$ என்று தொடங்கினால் எம்டி5 முறை, $6$ என்றால் ஷா-512. மேசைக் கணினியில் ஷா-512 முறையில் உருவாக்கியதைக் கருவிக்குள் நகலெடுத்து, கருவியின் பிஸிபாக்ஸோ அந்த முறை இல்லாமல் தொகுக்கப்பட்டிருந்தால், எத்தனை தடவை தட்டினாலும் தவறுதான்.

இன்னொன்று, ரூட் எந்த முனையங்களில் நுழையலாம் என்ற பட்டியல். சீரியல் கேபிளின் முனையம் அதில் இல்லாவிட்டாலும் இதே பதில் வரும்.

மூன்றாவது, கோப்புகள் எல்லாம் ரேமிலேயே இருக்கும் கருவி. கடவுச்சொல்லை மாற்றினால் மாறிவிட்டதாகச் சொல்லும். கரண்ட் போய் வந்தால் பழையதே திரும்பிவிடும்!

பூட்லோடரில் நிறுத்தி, லாகினுக்குப் பதிலாக நேராக ஷெல்லைத் துவக்கி முதல் இரண்டையும் சரிசெய்யலாம். ஆனால் கருவி கையில் இருக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, கடவுச்சொல்லைக் காலியாகவோ 'அட்மின்' என்றோ விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆபத்தே அங்கேதான். 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல், 60-க்கும் மேற்பட்ட இத்தகைய பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் மோடம்களையும் பிடித்தது. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் ஆயிரக்கணக்கான பிஎஸ்என்எல் மோடம்கள் முடங்கியபோது, ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

ஆகவே கருவியைக் கரைக்குக் கொண்டுபோகும் முன், நல்ல கடவுச்சொல்லை வைத்து, கரண்டை நிறுத்திப் போட்டு, சீரியலிலும் நெட்வொர்க்கிலும் ஒரு தடவை நுழைந்து பாருங்கள். மேசையில் பத்து நிமிட வேலை. வெள்ளம் வந்த பிறகு அந்தப் பத்து நிமிடம் கிடைக்காது.