இஸ்தான்பூலுக்குப் போன கமெரா

உம்மாவும் நானும் இஸ்தான்பூல் புறப்பட்ட அன்று, “வாப்பாட பழைய கமெராவையா கொண்டு போறாய்?” என்று உம்மா கேட்டார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கறுப்புத் தோல் போன்ற உறை, மேலே திருகும் உலோகச் சக்கரங்கள், லென்ஸைச் சுற்றி வளையம். ஆனால் உள்ளே பிலிம் இல்லை. புஜிபில்ம் நிறுவனம் 2020இல் வெளியிட்ட எக்ஸ்100வீ என்ற டிஜிட்டல் கமெரா அது. இந்த வரிசையில் முதலாவது 2011இல் வந்தது.

லென்ஸைக் கழற்ற முடியாது. தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுக்கவும் முடியாது. 23 மில்லிமீற்றர், அவ்வளவுதான். பழைய பிலிம் கமெராவின் 35 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் அளவைக் காட்டும். கிட்ட வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும்.

கட்டடக் கலைஞர் சினான் 1557இல் கட்டி முடித்த சுலைமானியாப் பள்ளிவாசலில் இதன் குறை தெரிந்தது. 53 மீற்றர் உயரக் குவிமாடம். முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கியும் அது முழுதாக அடங்கவில்லை. விட்டுவிட்டு, கம்பளத்தில் விழுந்த வெளிச்சத்தை மட்டும் எடுத்தேன். ஒலிகளை நிறுத்திவைத்தால் பக்கத்திலிருப்பவருக்கும் கேட்காத அளவு மெதுவாக இயங்கும் கமெரா இது. ஆனாலும் தொழுதுகொண்டிருந்த பெண்களின் பக்கம் அதைத் திருப்பவில்லை. சத்தம் கேட்காது என்பதற்காக எடுத்துவிடலாமா?

கலாட்டாப் பாலத்தில் தூண்டில்காரர்களிடையே இதன் அருமையைக் கண்டேன். கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் படத்தின் எல்லை வெள்ளைக் கோடாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். யார் உள்ளே வரப்போகிறார் என்று முன்கூட்டியே காணலாம். இந்த வசதி எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் இல்லை. மற்றபடி, விலையை நினைத்தால் பலருக்குத் தொலைபேசியே போதும். பெற்றரியும் மாலைக்குள் தீர்ந்துவிடும். இன்னொன்று கைப்பையில் இருக்க வேண்டும்.

உஸ்குதாருக்குப் போகும் படகில் எதிரே ஒரு முதிய பெண், கையில் தேநீர்க் கோப்பையுடன். அழகான முகம். இரண்டு முழம் கிட்டப் போனால்தான் படம் சரிவரும். கமெராவைக் காட்டிச் சைகையால் கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்தார். பிறகு பக்கத்து இருக்கையைத் தட்டி உட்காரச் சொல்லி, எள் தூவிய வளைய ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தார். கமெராவை மடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

உம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கமெராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடுபவர். பாஸ்போட் படத்தைத் தவிர அவருடைய நல்ல படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

“அவங்கள விடு. என்ன எடு மகள்” என்றார்.

கிட்டப் போனேன். இவ்வளவு கிட்டவா என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே எடுத்தேன். திரையைக் காட்டியதும், “நான் இவ்வளவு வயசாகிட்டேனா?” என்றவர், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “இன்னொண்டு எடு” என்றார்.