ஹெட்போன் மெத்தையும் போடி இலவம் பஞ்சும்

போடிநாயக்கனூர் என்றதும் எல்லோருக்கும் ஏலக்காய்தான் ஞாபகம் வரும். அப்புறம் காபி, மாங்காய். இலவம் பஞ்சை நாலாவதாகத்தான் சொல்வார்கள். ஆனால் மெத்தை, தலையணை என்று வந்துவிட்டால் போடிக்காரர்களிடம் யாரும் பாடம் நடத்த முடியாது! இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே காலியான குழாய். மேலே மெழுகுப் பூச்சு. அதனால் எடை குறைவு, தண்ணீரும் சுலபத்தில் உள்ளே போகாது. படுத்துப் படுத்து அமுங்கிப் போனால் வெயிலில் காயப் போட்டு நாலு தட்டுத் தட்டினால் மறுபடி உப்பிக்கொள்ளும்.

ஹெட்போனில் காதைச் சுற்றி இருக்கும் மெத்தையும் ஒரு குட்டித் தலையணைதான். ஆனால் அதற்குள்ளே பஞ்சு கிடையாது. பாலியூரித்தேன் என்ற நுரை இருக்கிறது, அதன்மேல் ரெக்சின் உறை. இந்த இரண்டுக்குமே பெரிய எதிரி ஈரம். காற்றிலுள்ள ஈரப்பதம் பாலியூரித்தேனின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். உபயோகிக்காமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். ஒருநாள் எடுத்து மாட்டினால் காதெல்லாம் கறுப்புச் செதில்!

போடி ஊருக்குள் பரவாயில்லை. மலையின் கிழக்கு அடிவாரம், மழை மறைவுப் பிரதேசம். ஆனால் முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டைக் கடந்துவிட்டால் அது வேறு உலகம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தால் மாசக்கணக்கில் துணி காயாது. பக்குவமாக உலர்த்திய ஏலக்காயையே காற்றுப் புகாத பையில் கட்டி வைக்காவிட்டால் பச்சை நிறம் போய்விடும். ஹெட்போன் எம்மாத்திரம்?

அந்த மலையில், பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சொந்த ஊர் போடி. 1980களில் வளைகுடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்த பழைய ஹெட்போன் ஒன்று அவரிடம் உண்டு. சாயங்காலம் ஆனால் டேப் ரெக்கார்டரில் இளையராஜா. இருக்காதா பின்னே, பண்ணைப்புரமும் இதே தேனி மாவட்டம்தானே! 1978-ல் வந்த 'பிரியா', தமிழில் ஸ்டீரியோவில் பதிவான ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. அதையெல்லாம் ஹெட்போனில் கேட்டால்தான் அருமை தெரியும் என்பது அவர் கட்சி.

கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு கவலை. பாட்டில் பேஸ் கிடாரே கேட்கவில்லை. வால்யூமை 8-ல் வைத்தும் திருப்தி இல்லை. விடுமுறைக்குப் போன அக்கா மகனிடம், "மாப்ள, எனக்குக் காது மந்தமாயிருச்சுடா" என்றார்.

கல்லூரியில் படிக்கும் மருமகன் ஹெட்போனை வாங்கிப் பார்த்தான். மெத்தை பப்படம் மாதிரி உதிர்ந்து கிடந்தது. "காது இல்ல மாமா, மெத்தைதான் போச்சு" என்றான்.

விஷயம் இதுதான். மூடிய வகை ஹெட்போனில் மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். அந்த அடைப்பு விட்டுப் போனால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். அது கேட்கவில்லை என்று நாம் வால்யூமைக் கூட்டுவோம். பேஸ் வராது, மற்ற சத்தமெல்லாம் காதைக் குத்தும்.

மருமகன் ஹெட்போனைப் போடிக்குக் கொண்டுவந்து முதலில் உள்ளூர் வைத்தியம் பார்த்தான். தலையணைக் கடையில் ஒரு பிடி இலவம் பஞ்சு, தையல்காரரிடம் துணி வளையம். மாட்டினால் சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பஞ்சு ஒரு பக்கமாக அமுங்கி, ஓட்டை விழுந்து, பேஸ் மறுபடி போய்விட்டது. அமுக்கினால் நுரை தானாக எழும்பும், பஞ்சு எழும்பாது. ஹெட்போனைத் தினமும் வெயிலில் காயப் போட முடியுமா!

அடுத்து முறைப்படி செய்தான். பழைய மெத்தையின் ஓரம் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பள்ளத்துக்குள் செருகியிருந்தது. மெதுவாக இழுத்துக் கழற்றினான். (சில மாடல்களில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்.) ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வில் செதில் விழாமல் இருக்கக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டினான். வாயால் ஊதவில்லை, வாக்குவம் கிளீனரும் வைக்கவில்லை. இரண்டுமே சவ்வைக் கெடுக்கும். கிண்ணத்தின் குறுக்களவை எடுத்து, அதே அளவில், அதே தடிமனில் நுரை மெத்தை வாங்கினான். சில நூறு ரூபாய். தடிமன் மாறினால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் மாறும், சத்தத்தின் குணமும் மாறும். வெல்வெட் உறை போட்டால் குளுமையாக இருக்கும், ஆனால் காற்று கசிந்து பேஸ் குறையும். ஓரத்தை ஒரு இடத்தில் மாட்டிவிட்டு, ஸ்பூன் காம்பால் சுற்றிலும் தள்ளிச் செருகினான். பத்தே நிமிஷம்.

மாமா மாட்டிக் கேட்டார். பேஸ் கிடார் திரும்பி வந்துவிட்டது! வால்யூம் 8-லிருந்து 5-க்கு இறங்கியது. ஆனால் ஐந்து நிமிஷம் கழித்து, "வலது பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு மாப்ள" என்றார்.

மருமகன் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டான். கோளாறு ஹெட்போனில் என்றால் மங்கல் இடது காதுக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. வலது காதிலேயே நின்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் தேனியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். பரிசோதனையில் வலது காதில் மேல் ஸ்தாயி கேட்கும் திறன் குறைந்திருந்தது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது. போனது போனதுதான், இனிமேல் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், இதைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகம் முழுக்க 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் அதிகச் சத்தத்தில் பாட்டுக் கேட்டுக் காதைக் கெடுத்துக்கொள்ளும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது.

அதனால் வீட்டில் பழைய ஹெட்போன் இருந்தால் இன்றே மெத்தையைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு வால்யூமைக் குறைக்க மறக்காதீர்கள். அப்படியும் ஒரு பக்கம் மங்கலாகத் தெரிந்தால் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். மங்கல் அதே காதில் நின்றால், ஹெட்போன் கடைக்குப் போக வேண்டாம். டாக்டரிடம் போங்கள்.