ஊமைக் காரும் ஒத்தை நீல வயரும்

படிச்சது ஈ.சி.இ., பொழப்பு ஜாவா. ஆனா சொந்தக்காரங்க கணக்குல நான் இன்னும் "கரண்டு வேலை தெரிஞ்ச பய". மிக்ஸியில இருந்து மோட்டார் வரைக்கும் எது மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் போன் வரும். இந்தத் தடவை வந்தது தங்கச்சிமடத்துல இருக்குற தாய்மாமாகிட்ட இருந்து.

"மாப்ள, காருக்குப் புது ஸ்டீரியோ மாட்டுனேன்டா. லைட்டு எரியுது, பாட்டு ஓடுற மாதிரி கோடெல்லாம் ஆடுது, சத்தம் மட்டும் வரல. உள்ள இருக்குற ஆம்ப்ளிஃபயர் போச்சுன்னு கடைக்காரர் சொல்றாரு. அதைத் தூக்கிட்டு நாலு கதவுக்கும் புது வயர் இழுக்க பன்னெண்டாயிரமாம்."

மாமா டூரிஸ்ட் கார் ஓட்டுறவர். ராமநாதபுரத்துல ஆளை ஏத்தி, பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம், அங்கிருந்து அரிச்சல்முனை, திரும்ப ராமநாதபுரம். 12,000 ரூபாய்ங்கிறது அவருக்கு லேசுப்பட்ட காசு இல்லை. அதோட, அவருக்குப் பாட்டு முக்கியமில்லை, ரேடியோதான் முக்கியம். மூத்த மகன் விசைப்படகுல போறவன். 2016-ல பாம்பன்ல மீனவங்களுக்காக ஆரம்பிச்ச கடல் ஓசை 90.4-ல காத்து, கடல் நிலவரம் சொல்லுவாங்க. வண்டி ஓட்டும்போது மாமா காது அங்கதான் இருக்கும். பழைய ஸ்டீரியோ உப்புக்காத்துல பச்சை பூத்துச் செத்ததுல இருந்து மனுசனுக்கு இருப்பு கொள்ளலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். சாதாரணக் கார்ல ஸ்டீரியோவுக்கு உள்ளேயே சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும், அதுவே ஸ்பீக்கரை ஓட்டிடும். "பிரீமியம் சவுண்ட்"னு கம்பெனியிலேயே போட்டு வர்ற வண்டியில கதை வேற. ஸ்டீரியோ தர்றது சின்ன சிக்னல் மட்டும்தான். சீட்டுக்கு அடியிலயோ டிக்கியிலயோ இருக்குற தனிப் பெட்டிதான் அதைப் பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். மாமா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது இந்த ஜாதி வண்டி.

அந்தப் பெட்டி எப்பவும் தூங்கிட்டுத்தான் இருக்கும். இல்லேன்னா பேட்டரி காலி. ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஒரு வயர்ல 12 வோல்ட் அனுப்பி "எந்திரிப்பா"ன்னு சொல்லணும். வெளிய வாங்குற ஸ்டீரியோவுல பெரும்பாலும் அது நீல வயர், மேல வெள்ளைக் கோடு. மாமா வண்டியில அந்த வயர் எதுலயும் சேராம டேப் சுத்தித் தொங்கிட்டு இருந்துச்சு. எழுப்ப ஆளில்லாம தூங்குற பெட்டிக்கு மரணச் சான்றிதழ் கொடுத்துட்டாங்க :-)

வண்டியோட வயரிங் படத்தைப் பார்த்து சரியான முனையில சேர்த்தேன். "டொப்"னு ஒரு சத்தம், அடுத்த நொடி பாட்டு. (இப்ப வர்ற பல வண்டிகள்ல இவ்வளவு சுலபமில்லை. எழுப்புற கட்டளை கேன் பஸ்ல டேட்டாவா போகும். அதுக்குன்னு தனி அடாப்டர் வாங்கணும்.)

கடைக்காரர் சொன்னபடி பெட்டியைத் தூக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு ஸ்பீக்கரைக் கழட்டி மீட்டர் வெச்சேன். 1.8 ஓம். அப்படின்னா அது 2 ஓம் ஸ்பீக்கர். புது ஸ்டீரியோ கேக்குறது குறைஞ்சது 4 ஓம். தடை பாதியானா கரண்ட் ரெட்டிப்பு. ராமநாதபுரம் வெயில்ல கொஞ்ச நாள்லயே உள்ளிருக்குற சிப்பு வெந்திருக்கும்.

அட்டைப்பெட்டியில போட்டிருக்குற "4 × 50 வாட்ஸ்"ஐயும் நம்பாதீங்க. என்ஜின் ஓடும்போது கிடைக்கிறது 14.4 வோல்ட். அதை வர்க்கமாக்கி 4 ஓமால வகுத்தா கிட்டத்தட்ட 52. அந்த 50 இங்க இருந்துதான் வருது. ஆனா அது சத்தம் உடைஞ்சு கதறும்போது வர்ற கணக்கு. ஒழுங்கான சைன் அலைக்கு அதுல பாதி, 26. நடைமுறையில 20 தேறினா பெருசு.

பாட்டு வந்துச்சே ஒழிய கூடவே "ஙொய்ய்ய்"னு ஒரு விசில். ஆக்சிலேட்டரை மிதிச்சா அதுவும் ஏறுது. ஆல்டர்னேட்டர் இரைச்சல். முதல் சந்தேகம் எர்த்து மேலதான். நம்ம கரையோட குணம் அப்படி. 1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோட மல்லுக்கட்டி, 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திக்கிச்சு. 2025 ஏப்ரல்லதான் புதுப் பாலம் வந்துச்சு. உலோகம் எப்படி அரிக்குதுன்னு சோதிக்க காரைக்குடி சிக்ரி ஆளுங்க மண்டபத்தைத் தேடி வர்றாங்கன்னா பாருங்க. இதுல சீட்டுக்கு அடியில கிடக்குற ஒரு போல்ட் எம்மாத்திரம்?

என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பாட்டை ஏத்தி வெச்சு, மீட்டரோட ஒரு முனையை ஆம்ப்ளிஃபயர் எர்த்துலயும் இன்னொன்னை பேட்டரி மைனஸ்லயும் வெச்சேன். நல்ல எர்த்துன்னா 0.1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. இங்க 0.6. போல்ட்டைக் கழட்டி, எமரி பேப்பரால தகரம் பளிச்சுன்னு ஆகுற வரைக்கும் தேய்ச்சு, புது ரிங் டெர்மினல் போட்டு இறுக்கி, மேல வாசலின் பூசினேன். 0.05-க்கு இறங்கிடுச்சு. விசிலும் பாதிக்கு மேல அடங்கிடுச்சு.

மிச்ச விசிலுக்குக் காரணம் வேற. இந்தப் பெட்டி ஒவ்வொரு சேனலுக்கும் ப்ளஸ், மைனஸ்னு ஜோடி வயரை எதிர்பார்க்குது. ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறுற இரைச்சலை ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சுத் தூக்கி எறிஞ்சிடும். ஆனா நாலு மைனஸையும் ஒண்ணா முறுக்கி பாடியில கட்டி வெச்சிருந்தாங்க. அப்புறம் கழிக்க என்ன இருக்கு? முடிச்சை அவுத்து, ஒவ்வொரு ஆர்.சி.ஏ. ஒயரோட உறையையும் அதது சேனல் மைனஸோட மட்டும் சேர்த்தேன். அமைதி.

மாமா உடனே 90.4 போட்டார். வரல. 90.3 வருது, 90.5 வருது, 90.4-ல நிக்கவே மாட்டேங்குது! "இவ்வளவு பண்ணியும் இது இல்லேன்னா என்னத்துக்குடா மாப்ள?"ன்னு முகம் சுருங்கிப்போச்சு.

செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா, ரேடியோ ஏரியா: அமெரிக்கா. அங்க எஃப்.எம். ஸ்டேஷனெல்லாம் 88.1, 88.3ன்னு ஒத்தைப்படையில மட்டும்தான் இருக்கும், ரேடியோவும் அப்படித்தான் தாவும். மீடியம் வேவ்லயும் அவங்க தாவுறது 10 கிலோஹெர்ட்ஸ், இங்க 9. ஏரியாவை ஆசியாவுக்கு மாத்தினதும் கடல் ஓசை கணீர்னு வந்துச்சு. மாமா ஒண்ணும் பேசல, வால்யூமை மட்டும் ஏத்தினார்.

செலவு: எமரி பேப்பர், டெர்மினல், வாசலின் எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள்ள. வெட்டின வயர்: பூஜ்யம். அதுல எனக்குத் தனி சந்தோஷம். கம்பெனி வயரை ஒருதடவை வெட்டிட்டா, அடுத்து வர்ற மெக்கானிக்குக்கு எது எங்க போகுதுன்னே தெரியாது. வெட்டின இடத்து வழியா உப்பு உள்ள போய் செம்பு கருத்துடும். அதனால "உள்ள இருக்குறது போச்சு"ன்னு யாராவது சொன்னா மூணு கேள்வி கேளுங்க: அதுக்கு 12 வோல்ட் போகுதா, எர்த்து நல்லா இருக்கா, எழுப்புற வயர் சேர்ந்திருக்கா? மூணுக்கும் "ஆமா"ன்னு பதில் வந்தப்புறம் கத்தரியைத் தொட்டாப் போதும்.

டிஸ்கி: வேலையை ஆரம்பிக்கும் முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிடுங்க. டேஷ்போர்டுக்குள்ள மஞ்சக் கலர் கனெக்டர் கண்ணுல பட்டா அது பெரும்பாலும் ஏர்பேக்கோடது. அது மேல கை வைக்கவே வைக்காதீங்க சாமிகளா!