வாங்கின் கீழ் வளர்ந்த வாசிகசாலை

கல்லூரியின் பெருமையை எழுதப் புகுவோர் அதன் அதிபர்களையும் ஆசிரியர்களையும், பரீட்சைப் பெறுபேறுகளையும், விளையாட்டு வெற்றிகளையும் எடுத்துரைப்பது வழக்கம். அவை யாவும் எழுதத் தக்கனவே. அவற்றை என்னிலும் வல்லார் இம்மலரிலே எழுதியிருப்பர். நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. 1968ஆம் ஆண்டு முதல் எட்டாண்டுகள் இக்கல்லூரியிற் பயின்ற காலத்தில், பாடவிதானத்தில் இடம்பெறாத ஒரு கல்வியை நாங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டோம். நாவல் வாசித்து, அதனை அடுத்தவன் கையிற் கொடுத்து, 'இதை நீ வாசிக்கத்தான் வேண்டும்' என்று சொல்லும் கல்வியே அது.

அம்புலிமாமாவின் வேதாளம் எங்களுக்குப் பன்னிரண்டு வயது வரையுமே போதுமாயிருந்தது. அதன்பின் ஒரு பசி தோன்றும். சிறுவர் கதை தித்திக்காது. பெரியோர் படிக்கும் கனத்த நூல்களோ பிடிபடா. மேலைநாட்டு நூல்நிலையங்களில் இப்பருவத்தினர்க்கென்றே தனி அலுமாரிகள் உண்டு. தமிழிலே அத்தகைய பிரிவு எக்காலத்தும் உறுதியாக அமைந்ததில்லை. ஆதலின் நாங்கள் வீட்டுப் பெரியோரின் வார இதழ்த் தொடர்கதைகளுக்குள் வாயில் காப்போன் அனுமதியின்றியே புகுந்தோம்.

அப்படிப் புகுந்தவர்களை முதலில் வரவேற்றவர் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது நாங்கள் பிறந்திருக்கவில்லை. ஆயினும் எங்கள் பெரியம்மா அவ்விதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்தெடுத்து, பாகம் பாகமாகத் தைத்து வைத்திருந்தார். பதின்மூன்றாம் வயதில் அவற்றை நான் வகுப்புக்குக் கொண்டு சென்றேன். முதலாம் பாகமாகிய 'புது வெள்ளம்' இரண்டு கிழமைக்குள் பதினொரு பேர் கைமாறியது. 'சுழற்காற்று' வந்தபோது வகுப்பே கலங்கிற்று. வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகேறிப் புறப்பட்டு வந்து சேர்வது நம் ஈழநாட்டுக்கு அல்லவா! கோடிக்கரை எங்கள் பருத்தித்துறைக்கு எதிர்க்கரை. தேசப்படத்திலே விரலளவு நீலமாயிருந்த கடல், அன்று தொடக்கம் கதை நிகழும் கடலாயிற்று.

மூன்றாம் பாகமாகிய 'கொலைவாள்' பெரியம்மாவின் கட்டில் இல்லை. யாரோ இரவல் வாங்கிச் சென்று திருப்பித் தரவில்லையாம். நான்காம் பாகம் கையிலிருந்தும் அதனைத் தொடுவதில்லையென்று நாங்கள் கட்டுப்பாடு செய்துகொண்டோம். ஈற்றிலே கொக்குவிலிலிருந்து வரும் மாணவனொருவன் தன் ஊர்ச் சனசமூக நிலையத்தில் அது கிடப்பதாகத் துப்புக் கொணர்ந்தான். மூன்று கிழமை காத்திருந்து பெற்ற அப்பாகத்தை நாங்கள் வாசித்த ஆவலுடன் பிற்காலத்தில் எந்நூலையும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை.

இவ்வாறு புத்தகம் கைமாறுகையில், எழுதப்படாத சில விதிகளும் தாமே உருவாயின. கதையின் முடிவை வெளியிடுதல் பெருங்குற்றம். 'நல்ல கதை' என்று மட்டும் சொல்பவனின் சொல்லுக்கு மதிப்பில்லை. எவ்விடத்தில் நல்லது, ஏன் நல்லது என்று அவன் சொல்ல வேண்டும். வாங்கியவன் ஐம்பது பக்கம் வரை பொறுக்கக் கடமைப்பட்டவன். அதற்குமேற் பிடிக்காவிடில் வெட்கமின்றித் திருப்பிக் கொடுக்கலாம். ஒருவன் சிபாரிசு செய்த மூன்று நூல்கள் தொடர்ந்து பயனற்றுப் போயின், நான்காவதை எவரும் அவனிடம் வாங்கார். பெரியோர் உலகில் விமரிசகர்களுக்கு இத்துணைக் கடுமையான விதிகள் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் தமிழாசிரியர் இதனை அறிந்தும் அறியாதவர் போலிருந்தார். ஒருநாள் தடித்த கொப்பியொன்றை வகுப்பறை அலுமாரியில் வைத்து, 'வாசித்தவர்கள் நூலின் பெயரையும், அதை யாருக்குக் கொடுக்கலாம் என்பதையும் இரண்டு வரியில் எழுதுக; மூன்றாவது வரி எழுதுபவன் அடித்து அழிக்க வேண்டும்' என்றார். அக்கொப்பியே எங்கள் வாசிகசாலையின் இடாப்பு. அதில் அவர் புள்ளியும் இடவில்லை, பிழையும் திருத்தவில்லை. ஆங்கிலப் பாடத்துக்கெனச் சுருக்கப் பதிப்பில் வாசித்த ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' பற்றி ஒருவன், 'கெட்டவனைப் பிடித்துப் போகிறவர்கள் வாசிக்கலாம்' என்று எழுதியிருந்தான். ஒற்றைக்காற் சில்வரின் கவர்ச்சியை இதனிலும் சுருங்கச் சொன்னவரை நான் கண்டிலேன்.

நிற்க. இக்காரியம் இடையூறின்றி நடந்ததென எண்ணற்க. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்தபின், ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிப்பதாயிற்று. தோட்டத்திலே புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துப் பிள்ளையைப் படிப்பித்த தந்தைமார்க்கு, இரசாயனவியற் புத்தகத்தின் கீழ் மறைந்திருந்த நாவல் பகைவனாகவே தோன்றிற்று. என் ஐயாவும் அவ்வாறே எண்ணினார். அவர் அச்சம் நியாயமானதென்பதை நான் இன்றும் மறுக்கேன். ஆயினும் பரீட்சை எங்களை ஒருவருக்கொருவர் போட்டியாளராக்கிய அதே ஆண்டுகளில், ஒருவன் பெற்றதை மற்றவனுக்குக் கொடுத்து மகிழும் பழக்கத்தை இந்நாவல்களே எங்களிடம் காத்தன. பாடக் குறிப்பை ஒளித்து வைத்தவன்கூட நாவலை ஒளித்து வைக்கவில்லை.

அக்காலத்திலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. தொடர்கதைகள் வருவது குறைந்தமை எங்களுக்குப் பெருந்துயராயிற்று. ஆனால் அவ்வெற்றிடத்திலே நம் நாட்டு நாவல்கள் முளைத்தன. வீரகேசரிப் பிரசுரங்கள் குறைந்த விலையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1973இல் பாலமனோகரனின் 'நிலக்கிளி' வந்தது. தண்ணிமுறிப்புக் காட்டோரத்துப் பதஞ்சலியை அறிந்த பின்னர் வன்னி எங்களுக்கு வெறும் நெல் விளையும் நிலமாயிருக்கவில்லை. அதே ஆண்டிற் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' வந்தது. அந்நூலைப் பற்றியே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் தீவகத்திலிருந்து வந்த தோழனொருவன் இருந்தான். விடுதிச்சாலையில் தங்கியிருந்தான். பேசுவது அரிது. அவனுடைய கடற்கரைப் பேச்சைச் சிலர் நையாண்டி செய்தமையால் வாய் திறப்பதையே விட்டிருந்தான். எங்கள் புத்தகச் சுற்றில் அவன் சேர்ந்ததில்லை. அரசர் கதை தனக்கு எதற்கென்பான். 'வாடைக்காற்று', வாடை பெயரும் பருவத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைத்து மீன்பிடிப்போரின் கதை. அதை வாசித்து முடித்த ஒருவன் நேரே கடைசி வாங்குக்குச் சென்று, "உதை வாசிச்சுப் பாரடா. இது உன்ரை ஊர்ப் பக்கத்துக் கதை. சரியோ பிழையோ எண்டு நீதான் சொல்லவேணும்" என்று அவன் கையில் வைத்தான்.

இரண்டு நாளில் அவன் வாசித்து முடித்தான். மூன்றாம் நாள் இடைவேளையில் நாங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டோம். வாடை எப்போது எழும், சோளகம் எப்போது திரும்பும், கொண்டலும் கச்சானும் எத்திசையின என்று அவன் சொல்லச் சொல்ல, நிலத்திலே பிறந்த நாங்கள் வாயடைத்து நின்றோம். நூலில் எவ்விடம் மெய், எவ்விடத்தில் ஆசிரியர் கதைக்காகச் சற்றுக் கூட்டியிருக்கிறார் என்று தயக்கமின்றிப் பிரித்துரைத்தான். அன்று மாலை கொப்பியிலே அவன் முதன்முதலாக எழுதினான்: 'கடலைத் தெரியாதவர்கள் இதை வாசிக்க வேண்டும். தெரிந்தவர்கள் வாசித்தால் வீட்டு நினைவு வரும்.' அதன்பின் அவன் பேச்சை எவரும் நையாண்டி செய்யவில்லை. அவனும் அரசர் கதையை வெறுக்கவில்லை. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் அவ்வாண்டுக்குள் முடித்தான்.

நாவல் வாசிப்பினால் என்ன பயன் என்று கேட்போர்க்கு நான் கூறும் விடை இதுவே. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் வாழ்வு அச்சிலே இடம்பெறத் தக்கது என்று தெரிதல் ஒரு பேறு. அதைப் பற்றித் தன் தீர்ப்பைப் பிறர் செவிமடுப்பர் என்று தெரிதல் அதனிலும் பெரிய பேறு. ஆசிரியர் கொடுக்கும் நூற்பட்டியல் முதலாவதைத் தரக்கூடும். இரண்டாவதைத் தோழரே தர வல்லார்.

பிற்காலத்தில் ஆசிரியத் தொழில் புரிந்தபோது இவ்வுண்மைக்கு வெளியூர்ச் சான்றுகளும் கண்டேன். 'புதையல் தீவு' பிறந்தது 1881இல், ஸ்கொத்லாந்திலே மழைக்கால விடுமுறையொன்றில். ஸ்டீவன்சன் தம் வளர்ப்பு மகனுடன் விளையாட்டாக அமைந்த தீவுப் படமொன்றிலிருந்து கதையைத் தொடங்கி, எழுத எழுத வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். அச்சிறுவனே அதன் முதல் நீதிபதி. 1967இல் அமெரிக்காவில் வெளிவந்த 'அவுட்சைடர்ஸ்' என்னும் நாவலை எஸ். ஈ. ஹின்டன் என்ற பெண் எழுதத் தொடங்கியது பதினைந்து வயதில். வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. தம் வயதினரின் மெய்யான வாழ்வைச் சொல்லும் நூல் கிடைக்காமையினாலேயே அவர் எழுதினார். இளம் பருவத்தினர்க்கான நாவலென்று இன்று தனித்துப் பேசப்படும் துறைக்கு அந்நூல் ஒரு திருப்புமுனை என்பர். எங்கள் கடைசி வாங்குத் தோழன் பேனா எடுக்கவில்லை. ஆயினும் அவனும் அம்மாணவியும் கேட்ட கேள்வி ஒன்றே.

பின்னர் நடந்தவற்றை இம்மலரின் வாசகர் அறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. சனிக்கிழமைகளில் நாங்கள் நாவல் எடுக்கச் சென்ற மண்டபமும் அதுவே. எங்கள் கொப்பி ஆசிரியரின் வீட்டிலிருந்தது. 1995இன் இடப்பெயர்வோடு அதுவும் போயிற்று. பெரியம்மாவின் தைத்த பாகங்களும் அவ்வாறே. தீவகத்துத் தோழன் எண்பதுகளிற் கடல் கடந்து சென்றான். நாங்கள் மறுபடியும் பேசத் தொடங்கியபோது இருவர்க்கும் நரை கண்டுவிட்டது. அவன் இன்று 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் நம் நாட்டுப் பழைய பிரசுரங்களைத் தேடி வாசிக்கிறான். மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் அழைத்து, பக்க எண்ணோடு ஒரு நூலைச் சிபாரிசு செய்வான். முடிவை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை.

இம்மலரை வாசிக்கும் இன்றைய மாணவர்க்கு, அவ்விதியின்படியே நானும் சில சொல்வேன். நீண்ட பயணத்தை விரும்புவோர் 'பொன்னியின் செல்வன்' எடுக்க. திரைப்படம் பார்த்தாயிற்று என்று விட்டுவிடற்க, கதையின் நகைச்சுவை நூலிலேதான் உண்டு. சிரிக்க விரும்புவோர் செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' வாசிக்க; உங்கள் பேத்தியாரை நீங்கள் அதிற் காண்பீர்கள். காட்டையும் தனிமையையும் அறிய 'நிலக்கிளி'. கெட்டவன் மீது ஏன் அன்பு பிறக்கிறது என்று வியப்போர்க்குப் 'புதையல் தீவு'. ஹரி பொட்டர் வாசிப்போரைக் குறைகூறும் பெரியோரைப் பொருட்படுத்தற்க. கல்கியை வாசித்தபோது எங்களுக்கும் அவ்வசை கிடைத்தது.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூபிலி ஞாபகார்த்தமாக நூலகத்துக்கு நன்கொடை வழங்க முன்வருவோர் பலர். கலைக்களஞ்சியங்களும் பரீட்சை வழிகாட்டிகளும் வேண்டியனவே. அவற்றோடு ஓர் அலுமாரியைக் கதைநூல்களுக்கென ஒதுக்குவோம். அதில் எந்நூல் இடம்பெற வேண்டுமென்பதை நாம் தீர்மானியாது, பதின்மூன்று முதற் பதினேழு வயது வரையுள்ள மாணவரே ஆண்டுதோறும் தெரிந்தெடுக்க விடுவோம். பரீட்சை ஆண்டென்று சொல்லி அந்த அலுமாரியின் திறப்பை எந்த மாணவர்க்கும் மறுக்காதிருப்போம். பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடி, இருண்டபின் வீடு திரும்பும் இன்றைய பிள்ளைக்கு, நம் காலத்திலும் இது கூடுதலாகத் தேவை.

அலுமாரிக்குப் பக்கத்தில் தடித்த கொப்பியொன்றையும் ஒரு பேனாவையும் வைப்போமாக. அக்கொப்பிக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒருவர்க்கு இரண்டு வரி போதும்.