களை மருந்தும் நம் கடமையும்

நம் கிராமங்களில் விஷத்தை விஷமென்று எவரும் சொல்வதில்லை. "மருந்து" என்றே சொல்லுவர். வயலுக்கு அடிப்பதும் மருந்து. மனமுடைந்தவன் குடித்துவிடுவதும் மருந்து. விடுமுறைக்கு ஊர் சென்றபோது, குளிர்பானப் புட்டியில் களை மருந்தை ஊற்றித் திண்ணை மாடத்தில் வைத்திருக்கக் கண்டேன். அருகிலேயே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். அந்த மருந்தின் பெயர் பாராகுவாட்.

1962-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இது, பசும் இலைகளை விரைவில் கருகச் செய்வது. களிமண்ணில் பட்டதும் அதனுடன் பிணைந்து செயலற்றுப்போவது. ஆள் கிடைக்காத உழவருக்கு இது பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சிறிதளவே உட்சென்றாலும் உயிருக்கு ஆபத்து. முதலில் வாயும் தொண்டையும் வெந்து புண்ணாகும். பின்னர்ச் சிறுநீரகம் தளரும். நுரையீரலோ இவ்விஷத்தைத் தானே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அங்கே பிராணவாயுவைக் கருவியாகக் கொண்டே அது திசுக்களை அழிக்கிறது. ஆதலால், இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தாலன்றி அதனைச் செலுத்த வைத்தியர் தயங்குவர். உயிர் காக்க வேண்டிய காற்றே பகையாவது எத்தகைய கொடுமை!

இதனினும் கொடியது ஒன்றுண்டு. குடித்தவனுக்குப் பெரும்பாலும் அறிவு மயங்குவதில்லை. செய்தி கேட்டு ரயிலேறி ஓடிவரும் உறவினரிடம் தெளிவாகப் பேசுவான். பிழைத்துவிட்டான் என்று அவர்கள் மகிழ்வர். ஒரு கணக் கோபம் தணிந்து அவன் வாழ விரும்பும் வேளையிலேயே நுரையீரலில் தழும்பு படர்ந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ மூச்சு அடங்கிவிடக்கூடும்.

இதற்கு நிரூபிக்கப்பட்ட மாற்று மருந்து இல்லை. ஆயினும் காலம் தாழ்த்தலாகாது. உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது வெந்த தொண்டையை மேலும் புண்ணாக்கும். மேலே பட்டதைக் கழுவி, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். விஷம் குடலிலிருந்து இரத்தத்தில் கலக்குமுன் அதனைப் பற்றிக்கொள்ளும் கரித்தூளோ களிமண்ணோ அங்கே கொடுப்பர்.

கேரளம் 2011-இல் இதனைத் தடை செய்தது. இலங்கையில் 2008 முதல் 2011 வரை இதனையும் வேறு இரு மருந்துகளையும் படிப்படியாக விலக்கிய பின்னர், பூச்சி மருந்து உண்டு மாள்வோர் தொகை குறைந்தது. கைக்கு எட்டாதிருந்தால் கோபம் தணிய அவகாசம் கிடைக்கும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம். அடுத்த முறை ஊர் செல்லும் அன்பர்கள், பெற்றோருக்கு வேட்டி சேலையோடு ஒரு பூட்டும் வாங்கிச் செல்வார்களாக. மருந்து அதன் சொந்தப் புட்டியிலேயே இருக்கட்டும். பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.