பனியன் ஊராரும் ஆலங்கட்டியும்

பனி என்னும் சொல்லுக்கும் பனியன் என்னும் சொல்லுக்கும் யாதொரு உறவும் இல்லை. முன்னது நம் பழந்தமிழ்ச் சொல். பின்னதோ, குசராத்தி வணிகரைக் குறித்த ஒரு சொல் ஐரோப்பியர் நாவில் புகுந்து, உடைக்குப் பெயராகி நம்மிடம் திரும்பி வந்தது. ஆயினும் திருப்பூரில் வாழும் எங்களுக்கு இவ்விரண்டும் அயலானவை அல்ல. மேனாட்டில் பனி விழுந்தால்தான் எங்கள் தெருவில் அடுப்பெரியும் என்று சொன்னால் அது மிகையாகலாம், பொய்யாகாது.

சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கூரையின் கீழ், உட்புறம் பஞ்சு எழுப்பிய தடித்த துணியில், தலைமூடி வைத்த சட்டைகளைத் தைப்பவர்கள் நாங்கள். அச்சட்டைகள் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறி, அந்நாடுகளில் குளிர் தொடங்குமுன் கடைகளில் தொங்க வேண்டும். தொட்டாலே வியர்க்கும் அந்தத் துணியை மடியில் குவித்துக்கொண்டு ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் முதல், அருகில் நின்று உதவும் கைமடிச் சிறுவயதினர் வரை, எங்கள் தையற்கூடத்தில் எவரும் வானிலிருந்து பனிக்கட்டி விழக் கண்டவரல்லர்.

சனிக்கிழமை இரவு கூலிப் பட்டுவாடா முடிந்ததிலிருந்து திங்கட்கிழமை காலை எந்திரம் ஓடத் தொடங்கும் வரை உள்ள இடைவெளியே எங்கள் விடுமுறை. அந்த இடைவெளிக்குள் உதகை சென்று திரும்புவதென்று பதினொருவர் முடிவு செய்தோம். வாரந்தோறும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் எடுத்து வைத்துச் சேர்ந்த தொகை வேன் வாடகைக்குப் போதுமானதாயிற்று. நீலகிரிக்குச் செல்லும் வாகனங்களுக்கு 2024ஆம் ஆண்டு மே 7 முதல், உயர்நீதிமன்ற ஆணையின்படி, இ-பாஸ் முறை வந்ததை வாசகர் அறிவர். 2025 ஏப்ரலில் வார நாட்களுக்கு 6000, வார இறுதிக்கு 8000 என்று வாகனங்களுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. எங்களுள் செல்பேசியில் கைதேர்ந்த இளைஞர் ஒருவர் அந்த அனுமதியை முன்னதாகவே பெற்று வைத்திருந்தார்.

சித்திரை மாதத்து ஞாயிறு. விடியுமுன் புறப்பட்டு, அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் கடந்து, கல்லாற்றில் மலையேறத் தொடங்கினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து குன்னூரை அடைந்தபோது காற்றே வேறாக இருந்தது. 1874இல் அமைக்கப்பெற்ற சிம்ஸ் பூங்காவில் காலைப் பொழுது கழிந்தது. பிற்பகல் உதகையின் தாவரவியல் பூங்காவைக் கண்டு, இருட்டுமுன் மலையிறங்குவது எங்கள் திட்டம்.

கேத்தி அருகே செல்கையில் நண்பகல் தாண்டியிருந்தது. அதுவரை தெளிந்திருந்த வானம் கறுத்தது. இடி முழங்கியது. முதலில் மழைதான் பெய்தது. பின்னர் வேனின் கூரைமேல் யாரோ மிளகை அள்ளி வீசுவது போன்ற ஓசை. மிளகு சுண்டைக்காயாயிற்று. கண்ணாடி உடைந்துவிடுமென அஞ்சிய ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். சிறிது தொலைவில் கற்பூர மரம் ஒன்று முறிந்து சாலையின் குறுக்கே விழுந்தது. முன்னே மரம், பின்னே வாகன வரிசை. சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது. பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதை நோக்கி ஓடினோம். உள்ளே நின்றிருந்த மூதாட்டி, கேள்வி எதுவும் கேளாமல், கூடைகளை ஒதுக்கி எங்களுக்கு இடம் தந்தார்.

இருபது நிமிடம் இருக்கலாம். கொட்டகைக்குள் ஒருவர் பேச்சு மற்றவர் செவியில் விழவில்லை. ஓசை அடங்கியபின் வெளியே பார்த்தால், சாலையும் சரிவும் வயலும் வெள்ளை வெளேரென்றிருந்தன. எங்கள் கூட்டத்தாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைக்குட்டையில் கட்டிகளை முடிந்துகொண்டார் ஒருவர். உருண்டை பிடித்து எறிந்தார் மற்றொருவர். பிசிர் வெட்டும் பெண்கள் இருவர் கட்டியைக் கன்னத்தில் வைத்துக் கூவிச் சிரித்தனர். எல்லார் உடம்பிலும் மெல்லிய பனியன்தான், பல் கிட்டித்தது. குளிர்நாட்டுக்கு உடுப்புத் தைக்கும் பதினொருவரில் ஒருவரிடமும் குளிருக்கு ஒரு சட்டை இல்லை.

"நம்மூர்ல ஏனுங்க இது விழறதில்லை?" என்று கேட்டார் எங்கள் தையல்காரர் ஒருவர். நல்ல வினா. கோடையில் தரை சூடேற, ஈரக் காற்று விரைந்து மேலெழுந்து பெரும் இடிமுகிலாகிறது. முகிலின் மேற்பகுதியில் வெப்பம் உறைநிலைக்கும் கீழே. அங்கு பிறந்த சிறு பனிமணியை மேலெழும் காற்று தாங்கிப் பிடிக்கிறது. அதன்மேல் நீர்த்துளிகள் ஒட்டி உறைந்து, வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காய்ப் படிகின்றன. காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் கட்டி விழுகிறது. நம் பகுதியில் கோடையில் உறைநிலை இருக்கும் உயரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். உதகையோ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கட்டி உருகுவதற்கு வழி குறைவு. திருப்பூர் சுமார் 300 மீட்டர் உயரமே. அங்கு வந்து சேருமுன் பெரும்பாலும் கட்டி மழைநீராகிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் நீலகிரிப் புல்வெளியை வெண்மையாக்கும் உறைபனி வானிலிருந்து விழுவதன்று, தரையில் உறைவது. வெண்பனி பொழியாத நம் மலைகளில், விழும் வெண்மை என்றால் இளவேனிலின் ஆலங்கட்டியே.

இவற்றையெல்லாம் பேசிக்கொண்டிருந்த எங்கள் கண்ணில், வயலோரம் அசையாமல் நின்ற ஒருவர் பட்டார். மூதாட்டியின் மகன். அவர் பார்வை சென்ற இடத்தை நாங்களும் பார்த்தோம். நாங்கள் வெள்ளைத் தரை என்று எண்ணியது கேரட் பாத்தி. கட்டிகளின் இடையே பச்சை நார்களாய்க் கிழிந்து கிடந்தவை அதன் தழைகள். இன்னும் ஒரு மாதத்தில் பிடுங்க வேண்டிய பயிர்.

"தழை போச்சுங்க. கிழங்கு நிக்குமான்னு தண்ணி வடிஞ்சாத்தான் தெரியும்" என்றார்.

மேற்சரிவில் தேயிலைச் செடிகளும் கொழுந்திழந்து நின்றன. செடி சாவதில்லை, மீண்டும் துளிர்க்கும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சிறு விவசாயிக்கு வரவும் பறிப்போருக்குக் கூலியும் குறையும். கூலி குறையும் வாரம் எப்படியிருக்கும் என்பதை எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

உருண்டை பிடித்தவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். எவரும் எவரையும் ஏவவில்லை. கொட்டகையில் இருந்த மண்வெட்டிகள் இரண்டுதான். மற்றவர்கள் கையாலும் உடைந்த தட்டுக்கூடையாலும் கட்டிகளை வாரி வாய்க்காலை மறித்த அடைப்பை நீக்கினோம். உருகும் நீர் பாத்தியில் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று அவர் சொல்லச் சொல்ல, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மடையாகத் திறந்தோம். எந்திரத்தில் பழகிய விரல்கள் விறைத்துப் போயின. இரண்டு மணி நேரத்துக்குப் பின் கலங்கிய நீர் சரிவில் இறங்கி ஓடத் தொடங்கியது. எவ்வளவு பயிர் பிழைத்தது என்பதை அன்று அறிய வழியில்லை.

மூதாட்டி கட்டன் தேநீர் தந்தார். அவர் அணிந்திருந்த தலைமூடிச் சட்டையின் ஓரத்தை எங்கள் தையல்காரர் பெரியவர் உற்றுப் பார்த்தார். "பாட்டியம்மா, கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டு, மடிப்பைப் புரட்டித் தையலைக் கண்டு, "இது நம்மூருச் சரக்குங்க" என்றார். ஏற்றுமதியில் கழிந்தவை காதர்பேட்டையில் மலிவாக விற்கப்பட்டு எங்கெங்கோ செல்வது உண்டு. "மூணு வருசமா போடறேன், இன்னும் பிரியலை" என்றார் அந்த அம்மையார். எந்த நற்சான்றுக்கும் அவ்வளவு மகிழாத பெரியவர் அன்று மகிழ்ந்ததை நாங்கள் கண்டோம்.

மரத்தை அறுத்து அகற்றுகையில் மாலை ஆறு கடந்துவிட்டது. உதகை காணாமலே மலையிறங்கினோம். வீடு சேர்ந்தபோது நள்ளிரவு. காலை எட்டரைக்கு எந்திரங்கள் ஓடின. பெட்டிகள் குறித்த நாளில் போக வேண்டுமல்லவா?

மேனாட்டில் குளிர் குன்றிய ஆண்டில் தடித்த உடுப்புகள் கடைகளில் தேங்கும். மறு ஆண்டுக்கான ஆணை சுருங்கும். எங்கள் தெருவில் எந்திரங்கள் சில ஓய்வெடுக்கும். ஆதலின் அங்கே பனி நன்றாகப் பெய்ய வேண்டுமென்று உள்ளூர விரும்புகிறவர்கள் நாங்கள். அந்தப் பனி அங்குள்ள உழவனின் மொட்டையும் தளிரையும் என்ன செய்யும் என்று நாங்கள் இதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை. இனி எண்ணாமல் இருக்க இயலாது. ஒரே கட்டி ஒருவர்க்குப் பிழைப்பாகவும் மற்றொருவர்க்கு இழப்பாகவும் இருப்பதை மாற்ற நம்மால் ஆகாது. யாருடைய நிலத்தில் நின்று அதை வியக்கிறோம் என்று பார்ப்பது நம்மால் ஆகும்.

இளவேனிலில் நீலகிரி செல்லும் அன்பர்களுக்கு இரண்டு சொற்கள். முகில் திரள்வது பெரும்பாலும் பிற்பகலில். ஆகவே பார்க்க வேண்டியதை முற்பகலிலேயே பார்த்துவிடுங்கள். கம்பளியோ தடித்த சட்டையோ ஒன்று கையில் இருக்கட்டும். அது திருப்பூரில் தைத்ததாக இருந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சி.